குறிஞ்சியின் பொழுது, திருக்கையின் பொழுது

ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோயில் மலையிலும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பிலும் பெய்கிற மழை, கண்மாய் கண்மாயாக நிரம்பி, மிஞ்சினால் வைப்பாற்றுக்குப் போகிறது. சாத்தூரைக் கடந்து, இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியையும் சேர்த்துக்கொண்டு, தூத்துக்குடிக்கு வடக்கே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது அந்த ஆறு. வருடத்தில் பாதிக்கு மேல் மணல்தான் தெரியும். ஆனாலும் மலையையும் கடலையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது. கயிற்றின் மேல்நுனியில் குறிஞ்சி வகைச் செடிகள், கீழ்நுனியில் திருக்கைகள். ஒன்று வேர்விட்ட இடத்தை விட்டு நகராது. மற்றது நிற்காமல் நீந்தினால்தான் மூச்சுவிடும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம்முடைய வனச் சட்டத்திலும் மீன்பிடிச் சட்டத்திலும் உள்ள ஒரே ஓட்டை தெரியவரும். தொல்காப்பியம் முதற்பொருள் இரண்டு என்றது: நிலம், பொழுது. நாம் நிலத்தை அளந்து வேலி போடக் கற்றுக்கொண்டோம்; பொழுதை விட்டுவிட்டோம்.

முதலில் குறிஞ்சி. மேற்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் குறிஞ்சிப் பேரினத்துச் செடிகள் பல இருக்கின்றன. சில ஆண்டுதோறும் பூக்கும்; சில பல ஆண்டுகளுக்கு ஒருமுறை. அவற்றுள் பேர்பெற்றது ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா எனும் நீலக்குறிஞ்சி. பழனி மலை, நீலகிரி, மூணாறுப் பக்கத்துப் புல்வெளிகள் அதன் வீடு. ஏறத்தாழ 1300 மீட்டருக்கு மேல்தான் அது வளரும். தனிச் செடியைப் பார்த்தால் ஏமாற்றமாகவே இருக்கும்: முழங்கால் முதல் இடுப்புவரை ஒரு புதர், சொரசொரத்த இலை, கதிர்போல் நீண்ட காம்பில் செதில்மேல் செதில், செதிலுக்கு ஒன்றாக வெளிர்நீல மணிப்பூ. மலைச்சரிவு முழுக்க ஒரே பருவத்தில் ஒன்றாகப் பூக்கும்போதுதான் அது காட்சியாகிறது. 1994, 2006, 2018 என்று பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை அப்படிப் பூக்கிறது, அடுத்தது 2030. பூத்து, விதை முற்றி, செடி காய்ந்து செத்துப்போகும். அடுத்த மழையில் முளைப்பவை எல்லாம் ஒரே வயது. அந்தத் தலைமுறை பதினோரு வருடம் இலையும் தண்டுமாக நின்றுவிட்டு, பன்னிரண்டாம் வருடம் மறுபடி கூட்டமாகப் பூக்கும். பளியர்கள் குறிஞ்சி பூத்த தடவைகளை எண்ணித் தங்கள் வயதைச் சொன்னார்கள் என்பது பலரும் எழுதிவைத்த செய்தி. அந்தப் பளியர் குடியிருப்புகள் இன்றும் செண்பகத்தோப்பிலும் ராஜபாளையம் அய்யனார் கோயில் பக்கத்திலும் இருக்கின்றன. செடியைக் கடிகாரமாக வைத்துக்கொண்ட ஒரு வழக்கம் இந்த மலைக்காரர்களுடையது என்பதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து, மோபுலா பைரோஸ்ட்ரிஸ். நம் கரையில் ஆனைத்திருக்கை என்பார்கள், கொம்புத் திருக்கை என்றும் சொல்வார்கள். வாயின் இரு பக்கமும் சுருட்டி நீட்டுகிற தலைத் துடுப்புகள்தான் அந்தக் கொம்பு. சிறகு விரித்தால் ஏழு மீட்டர்வரை வரும். இத்தனை பெரிய உடம்பு தின்பது மிகச் சிறிய மிதவை உயிர்களை. செவுள்களுக்குள் சீப்புபோல் அமைந்த தட்டுகளால் கடல்நீரை வடித்துத் தின்கிறது. மற்றத் திருக்கைகளைப்போல் இது கொட்டாது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை; அந்த வெள்ளையில் சிதறிய கரும்புள்ளிகள் ஆளுக்கு ஆள் மாறுபடும், நம் கைரேகைபோல. ஆய்வாளர்கள் அந்தப் புள்ளிகளைப் படம்பிடித்துத்தான் ஒவ்வொன்றையும் ஆண்டுக்கணக்கில் அடையாளம் காண்கிறார்கள். வயதுக்கு வர எட்டுப் பத்து ஆண்டுகள். சினை ஓராண்டு. வயிற்றுக்குள் கருப்பை சுரக்கும் பால்போன்ற கொழுப்புச் சாற்றைக் குடித்துத்தான் குட்டி வளர்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறத் திருக்கைக் கருவாட்டுக் குழம்பு வைக்கும் நம் வழக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்ல முடியாது. இருந்தாலும் பொருத்தம் வியப்பாக இருக்கிறது. பிறப்பது ஒரே குட்டி, வெற்றிலைச் சுருள்போல் சிறகைச் சுருட்டிக்கொண்டு. 2007இல் ஜப்பானின் ஒக்கினாவா கடல் காட்சியகத்தில், இதன் நெருங்கிய உறவான இன்னோர் இனம் குட்டி போட்டபோது, சினைக்காலம் ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதல் என்பது நேரடியாகத் தெரிந்தது. ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு, மூன்று, சில நேரம் அதற்கும் கூடுதலான வருடங்கள். நாற்பது ஆண்டு வாழ்ந்தாலும் ஒரு பெண் திருக்கை போடும் குட்டிகள் ஒரு டஜனைத் தாண்டுவது அரிது.

ஒரு செடியையும் ஒரு மீனையும் ஒப்பிடுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் வேலை என்று யாராவது சொல்லலாம். உருவத்தை, உறுப்பை, உணவை ஒப்பிட்டால் அப்படித்தான். ஆனால் உயிரியலில் இன்னோர் ஒப்பீடு இருக்கிறது: ஓர் உயிர் தன் வாழ்நாளை எப்படிப் பங்குவைத்துச் செலவழிக்கிறது என்பது. மாடு வளர்ப்பவர்கள் தலையீற்று, இரண்டாம் ஈற்று என்று எண்ணுவார்கள். அந்தச் சொல்லையே எடுத்துக்கொண்டால், குறிஞ்சி ஒற்றை ஈற்று உயிர். ஆனைத்திருக்கை பல ஈற்று உயிர். லாமாண்ட் கோல் என்ற உயிரியலாளர் 1954இல் ஒரு புதிர் போட்டார். கணக்கின்படி பார்த்தால், ஒரே ஈற்றோடு செத்துப்போகும் உயிர் ஒரே ஒரு பிள்ளையைக் கூடுதலாகப் பெற்றுவிட்டால் போதும், சாகாமல் ஆண்டுதோறும் பெற்றுக்கொண்டிருக்கும் உயிருக்குச் சமமாகப் பெருகிவிடும். அப்படியென்றால் எதற்காக இத்தனை உயிர்கள் சிரமப்பட்டு நீண்டகாலம் வாழ்கின்றன? 1973இல் சார்னோவும் ஷாஃபரும் விடை சொன்னார்கள். குஞ்சு பிழைக்கும் வாய்ப்பையும் வளர்ந்தது பிழைக்கும் வாய்ப்பையும் கோல் ஒன்றாகவே வைத்துவிட்டார். இரண்டும் வேறுபடும்போது கணக்கு மாறிவிடுகிறது. வளர்ந்ததற்குச் சாவு அரிது என்றால், கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை ஈனுவதே லாபம். ஆனைத்திருக்கை அந்தப் பக்கம். இத்தனை பெரிய உடம்பைத் தாக்கக் கடலில் பெரிய சுறாக்களையும் கொலைத் திமிங்கிலத்தையும் விட்டால் அதிகம் ஆளில்லை. ஆகவே அதன் முதலீடு முழுக்க வளர்ந்த பெண்ணின் உயிர்மேல். குறிஞ்சி மறுபக்கம். டேனியல் ஜான்சன் 1976இல் மூங்கிலைப் பற்றி வைத்த விளக்கம் இதற்கும் பொருந்துகிறது: விதை தின்னும் பூச்சியும் எலியும் பறவையும் பல வருடம் பட்டினி கிடந்து எண்ணிக்கை குறைந்திருக்கும் வேளையில், தின்று தீராத அளவுக்கு விதையைக் கொட்டிவிட்டால், மிச்சம் மீதி முளைத்துவிடும். ஆகவே குறிஞ்சியின் முதலீடு முழுக்க ஒரே ஒரு விதைப் பருவத்தின்மேல்.

இது வெறும் கற்பனை ஒப்பீடாக நின்றுவிடவில்லை. 2016இல் ஒரு குழு 418 தாவர இனங்களின் பிறப்பு இறப்புக் கணக்குகளை அலசியது. வாழ்க்கை வேகமானதா மெதுவானதா என்பது ஓர் அச்சு, ஈற்றை எப்படிப் பங்கிடுகிறது என்பது இன்னோர் அச்சு. இந்த இரண்டும் தாவர வாழ்க்கையின் வேறுபாடுகளைப் பெருமளவு விளக்கிவிடுகின்றன என்று கண்டது. விலங்குகளைப் பற்றிப் பேசும்போதும் இதே மெதுவு, வேகம் என்ற அளவுகோல்தான் கைக்கு வருகிறது. அந்தப் படத்தில் நம் இரண்டு உயிரையும் குறித்தால், முதல் அச்சில் இரண்டும் மெதுவான பக்கம். இரண்டாம் அச்சில் எதிரெதிர் முனை. ஒப்பிடத் தகுந்த இணை என்று நான் சொல்வது இதனால்தான். ஒன்றில் வேறுபட்டு ஒன்றில் ஒத்தால்தான், எது எதனால் விளைகிறது என்று பிரித்துப் பார்க்க முடியும். ஈற்று முறையில் எதிரெதிரான இரண்டும் ஒரே விதமாகத் தடுமாறுகின்றன என்றால், தடுமாற்றத்துக்குக் காரணம் ஈற்று முறையில் இல்லை. மெதுவில் இருக்கிறது, இன்னும் சரியாகச் சொன்னால், அந்த மெதுவுக்கும் நம் நாட்காட்டிக்கும் உள்ள பொருத்தமின்மையில் இருக்கிறது.

நாட்காட்டிக்கு வருவோம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகளுக்கு மட்டும். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் பருவம் என்பது காரணம். வருடம் தோறும் முட்டையிட்டு, சில மாதங்களில் வலைக்கு வந்துவிடும் மீன்களுக்கு இது நல்ல ஏற்பாடு. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஓராண்டு சினை சுமக்கும் திருக்கைக்கு 61 நாள் என்பது சினைக்காலத்தில் ஆறில் ஒரு பங்கு. மீதி ஐந்து பங்கு நாட்களிலும் அது வலையின் எதிரே வயிற்றில் குட்டியோடு நீந்திக்கொண்டிருக்கிறது. தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகளின் செவுள்வலைகள் கடலில்தான் இருக்கும். மன்னார் வளைகுடாவில் திருக்கை வலை என்று பேர்வைத்தே ஒரு வலை உண்டு என்பது, இந்த மீனுக்கும் கரைக்கும் எவ்வளவு பழைய கணக்கு இருக்கிறது என்பதைக் காட்டும். 1986இல் 21 தீவுகளைச் சுற்றி அறிவிக்கப்பட்ட 560 சதுர கிலோமீட்டர் கடல் தேசியப் பூங்கா இருக்கிறதே என்றால், அது பவளத்துக்கும் கடல்புல்லுக்கும் வீடு. எல்லைக்கல் தெரியாமல் ஆழ்கடலுக்கும் கரைக்குமாகத் திரிகிற ஆனைத்திருக்கைக்கு அது வழியில் வரும் ஒரு திண்ணை, அவ்வளவே. 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, எல்லாம் சாதகமாக அமைந்தாலும் இந்தத் திருக்கைகளின் தொகை ஆண்டுக்குச் சுமார் 12 விழுக்காட்டுக்கு மேல் பெருக முடியாது. ஒப்பிட்ட 106 சுறா, திருக்கை இனங்களில் இது அடிமட்டத்தை ஒட்டிய வேகம்.

மலைக்கு வந்தால் கதை அதேதான், எண்கள்தான் வேறு. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயம் வந்தது, 485 சதுர கிலோமீட்டர். 2021 பிப்ரவரியில் அதையும் மேகமலைச் சரணாலயத்தையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள், 1016 சதுர கிலோமீட்டருக்கு மேல். நிலம் பெருகியது; நல்ல காரியம். இத்தகைய காப்பகங்களுக்கான மேலாண்மைத் திட்டம் பத்தாண்டுக்கானது. பன்னிரண்டாண்டுச் செடியைப் பத்தாண்டுத் திட்டத்துக்குள் வைத்தால் என்ன ஆகும்? எந்தத் திட்டமும் இரண்டு பூப்புகளைப் பார்க்க முடியாது. ஒரு பூப்பைத்தான் பார்க்கும். ஆறில் ஒரு திட்டம் ஒன்றைக்கூடப் பார்க்காமல் முடிந்துவிடும். 2019இல் தொடங்கி 2028இல் முடிகிற திட்டம் என்று வைத்துக்கொண்டால், அதன் ஆவணத்தில் நீலக்குறிஞ்சி ஒருநாளும் பூத்திருக்காது. திருக்கைக்கு ஆறில் ஒன்று பாதுகாப்பு, குறிஞ்சிக்கு ஆறில் ஒன்று மறதி. எண் ஒத்துவந்தது தற்செயல்தான், பொருள் தற்செயல் இல்லை. பத்தும் பன்னிரண்டும் மறுபடி ஒரே நிலையில் சந்திக்க அறுபது ஆண்டு ஆகும். பிரபவ முதல் அட்சய வரை ஒரு சுற்று.

பூக்காத ஆண்டில் பார்த்தால் என்ன, செடி அங்கேதானே நிற்கிறது என்பது நியாயமான கேள்வி. சிக்கல் என்னவென்றால், பூவில்லாத குறிஞ்சி இனங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துச் சொல்வது தேர்ந்த தாவரவியலாளருக்கே கடினம். மற்றவர்களுக்கு அது வெறும் புதர். மலைப் புல்வெளிகளைத் தரிசு என்று ஆங்கிலேய ஆட்சி வகைப்படுத்தியதும், அங்கே தேயிலையும் தைலமரமும் சீகை மரமும் வந்ததும், இந்தப் பார்வைக் கோளாற்றின் விளைவு. சாலைக்கோ கட்டடத்துக்கோ ஒரு சரிவைக் கேட்கிறார்கள்; மூன்று மாத ஆய்வு நடக்கிறது; ஆய்வறிக்கை புதர்க்காடு என்கிறது. பொய் சொன்னதாகாது. பன்னிரண்டு வருடத்தில் பதினோரு வருடம் அது புதர்க்காடுதான். அதுபோலத்தான் விதை முற்றுகிற மாதங்களும். பூக்கும் பருவத்தில் கூட்டமும் காவலும் அபராதமும் இருக்கும். பூ உதிர்ந்து, பார்க்க ஒன்றுமில்லாமல் சருகாகி, விதை மண்ணில் விழுந்த பிறகு காட்டுத்தீப் பருவம் வரும்போதுதான் அந்தத் தலைமுறையின் சொத்து முழுதும் தரையில் கிடக்கிறது. திருக்கைக்கு எந்த ஆண்டும் ஆபத்து. குறிஞ்சிக்கு ஓர் ஆண்டின் சில மாதங்களில் முழு ஆபத்து. இரண்டுக்கும் பொழுது முக்கியம், இரண்டும் வேறு வேறு பொழுது.

சட்டம் இவற்றைக் கைவிட்டுவிட்டது என்று சொன்னால் அநியாயம். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, நீலக்குறிஞ்சி பாதுகாக்கப்பட்ட தாவரங்களின் மூன்றாம் அட்டவணையில் சேர்ந்துவிட்டது. பறிக்கக்கூடாது, பிடுங்கக்கூடாது, அழிக்கக்கூடாது. ஆனைத்திருக்கையின் செவுள் தட்டுக்குச் சீன மருந்துக் கடைகளில் விலை ஏறிய பிறகு, 2013இல் பாங்காக்கில் கூடிய நாடுகள் அதன் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தன. இவை தேவையானவை. ஆனால் கவனித்துப் பாருங்கள், சட்டத்தின் வினைச்சொற்கள் எல்லாம் செயலைக் குறிக்கின்றன: பறித்தல், பிடித்தல், விற்றல். இடத்தைக் குறிக்கும் சொற்களும் உண்டு: வனநிலம், காப்பகம். காலத்தைக் குறிக்கும் சொல்தான் மிகக் குறைவு. இருப்பதும் ஆண்டுக் கணக்கு. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் இந்த இடத்தில் வேறு வழி போகிறது. ஓர் இனம் எவ்வளவு குறைந்துவிட்டது என்று அளக்கும்போது, பத்தாண்டு அல்லது அந்த இனத்தின் மூன்று தலைமுறை, இதில் எது நீளமோ அதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் விதி. ஆனைத்திருக்கைக்கு ஒரு தலைமுறை 29 ஆண்டு என்று வைத்து 87 ஆண்டுக் கணக்குப் பார்க்கப்பட்டது. அழியும் ஆபத்தில் உள்ளது என்று முடிவானது. நீலக்குறிஞ்சியை 2024இல் அழிவுக்கு இலக்காகக் கூடியது என்று சேர்த்தார்கள். அதற்கு மூன்று தலைமுறை என்றால் 36 ஆண்டு. உயிரின் சொந்தப் பொழுதை அளவாக வைத்து ஒரு நிறுவனம் விதி எழுத முடியும் என்பதற்கு இதுவே சான்று. அபாயத்தை அளக்க இந்தப் பொழுதை ஒப்புக்கொண்டவர்கள், அபாயத்தைத் தடுக்கும் திட்டத்தில் அதை ஏன் ஒப்புக்கொள்ளக் கூடாது?

திணைக் கோட்பாட்டை இங்கே சாட்சிக்கு அழைத்ததை ஒருவர் மறுக்கலாம். பெரும்பொழுது ஆறும் ஓராண்டுக்குள் அடங்குபவை, சிறுபொழுது ஒரு நாளுக்குள். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் யாமமும் என்றால், அதில் பன்னிரண்டாண்டு எங்கே? இந்த மறுப்பை ஏற்கிறேன். பழந்தமிழர் எல்லாவற்றையும் முன்பே அறிந்திருந்தார்கள் என்று நிறுவுவது என் வேலை இல்லை. நான் எடுத்துக்கொள்வது அந்தக் கோட்பாட்டின் இலக்கணத்தை மட்டுமே: ஒரு நிலத்தைச் சொன்னால் அதற்குரிய பொழுதையும் சொல்லியாக வேண்டும், இல்லையேல் முதற்பொருள் முழுமையாகாது. பொழுதின் நீளத்தை இன்றைய அறிவு நிரப்பிக்கொள்ளட்டும்.

நிர்வாகத்துக்கு நீண்ட, ஒழுங்கற்ற காலக்கணக்கு ஒத்துவராது என்பது இதைவிட வலுவான மறுப்பு. நிதி ஆண்டுக்காண்டு வருகிறது, அதிகாரிகள் மாறுகிறார்கள், ஆட்சி ஐந்தாண்டு. குறிஞ்சியும் கடிகாரம்போல் தவறாமல் பூப்பதில்லை. அங்கங்கே சில செடிகள் ஆண்டு தப்பிப் பூக்கும், வெவ்வேறு மலையில் வெவ்வேறு கூட்டம் இருக்கும். எல்லாம் உண்மை. ஆனால் பன்னிரண்டாண்டு நிர்வாகம் நமக்குப் புதிதா? கோயில்களில் பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை குடமுழுக்கு நடத்த வேண்டும் என்ற வழக்கத்தை அறநிலையத் துறை தன் அலுவலாகவே வைத்திருக்கிறது. எந்தக் கோயிலுக்குத் தவணை வந்தது, எங்கே பாலாலயம், எங்கே திருப்பணி என்று கோப்பு நகர்கிறது. இடையில் அதிகாரி எத்தனை பேர் மாறினாலும் நகர்கிறது. மகாமகம் 2004, 2016 என்று வந்தது, 2028இல் வரும். கும்பகோணத்தில் அதற்கு யாரும் புதிதாக நாள் கண்டுபிடிப்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டுதோறும் ஆடிப்பூரத் தேருக்கு ஓர் ஒழுங்கு, பன்னிரண்டாண்டுக் குடமுழுக்குக்கு வேறோர் ஒழுங்கு என்று இரண்டையும் ஒரே ஊர் தாங்குகிறது. கோபுரத்துக்கு இருக்கும் தவணைப் புத்தகம் சரிவுக்கும் இருக்கலாம்: பூத்த ஆண்டில் எல்லை குறித்து, விதை முளைக்கும்வரை தீத்தடுப்பு, பிறகு அடுத்த பூப்புவரை அந்த நிலத்தின்மேல் புதர்க்காடு என்ற சொல்லே எழுதக்கூடாது. பளியர் நினைவு அந்தப் புத்தகத்தின் முதல் பக்கமாக இருந்தால் இன்னும் நல்லது.

கடலில் இவ்வளவு சுலபமில்லை. இங்கே மறுப்புக்குப் பின்னால் வயிறு இருக்கிறது. 2001 ஜூலையில் சுறா, திருக்கை வகைகள் எல்லாவற்றையும் பிடிக்கத் தடை என்று மத்திய அரசு அறிவித்தது. மீனவர்கள் எதிர்த்தார்கள். டிசம்பரில் பட்டியல் சுமார் பத்து இனங்களாகச் சுருங்கியது. எதிர்ப்பு நியாயமானதே. சின்னத் திருக்கை ஏழையின் புலால்; கருவாடாகி ராஜபாளையம்வரை வந்து சந்தையில் விலை போகிறது. விசிறிமட்டை மடிப்புபோல் குருத்தெலும்பு வரிவரியாகத் தெரியும் அந்தத் துண்டை நிறுத்தச் சொல்லி யாரும் இங்கே வாதாடவில்லை. மெதுவான உயிரையும் வேகமான உயிரையும் ஒரே ஆணையில் போட்டதுதான் 2001இன் பிழை. 61 நாள் தடை செய்கிற அதே பிழை, எதிர்த்திசையில். குட்டியோடு வரும் ஆனைத்திருக்கை ஒன்றை உயிரோடு விட்டால், குட்டிக்கும் சேர்த்துப் பல வருடக் கணக்கு காப்பாற்றப்படுகிறது. இறைச்சிக்கு அதன் விலை குறைவு. விலை ஏற்றியது செவுள் தட்டுதான். அந்த வணிகத்தை அடைத்துவிட்டு, அறுபட்ட வலைக்கு இழப்பீடு கொடுத்தால், வருடம் முழுக்க வளர்ந்ததை விட்டுவிடச் சொல்வது மீனவருக்குத் தாங்கக்கூடிய வேண்டுகோள். வலை அறுத்துத் திமிங்கிலச் சுறாவை விடுவிக்கும் குஜராத் மீனவர்கள் அந்த ஏற்பாட்டில்தான் ஒத்துழைத்தார்கள்.

2018இல் பழனி மலையில் பூத்த குறிஞ்சியின் விதையில் முளைத்தவை இப்போது பூவில்லாமல் நிற்கின்றன. கொடைக்கானல் போகிறவர்கள் அவற்றைத் தாண்டிப் போகிறார்கள். அதே 2018இல் இந்தியப் பெருங்கடலில் எங்கோ சிறகைச் சுருட்டிக்கொண்டு பிறந்த ஓர் ஆனைத்திருக்கை, வலையில் படாமல் இருந்தால், 2030 வாக்கில் தலையீற்றுக்குத் தயாராகியிருக்கும். அதற்குள் பன்னிரண்டு தடைக்காலங்களும் ஒரு மேலாண்மைத் திட்டமும் முடிந்திருக்கும்.